சிவப்பு விளக்கை ஏமாற்றிய கை

எங்கள் ஊர் சேன் ஃபிர்மினில் இன்றைக்கும் பனி விழ ஆரம்பித்துவிட்டால் பிள்ளைகள் தெருவை அடைத்துக்கொண்டு பனி ஹாக்கி ஆடுவார்கள். அதில் பந்து கிடையாது, ரப்பர் வட்டுதான். போயே போய்விட்டது என்று எல்லாரும் கைவிட்ட ஒரு வட்டை அவர்களுடைய கோல்கீப்பர் எப்படியோ பிடித்துவிட்டால், "விளக்கு! விளக்கு!" என்று தெருவே கத்தும். மற்ற ஊர்களில் கோல் விழுந்தால்தான் விளக்கு. எங்கள் ஊரில் மட்டும் விழாமல் போன கோலுக்கு விளக்கு. வெளியூர்க்காரர்கள் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிவார்கள். சொறியட்டும்.

இதற்குக் காரணம் இரண்டு பேர். ஒருவர் கோல்கீப்பர் ரொசேர் த்ரெபானியே. ஊர்ப் பனி அரங்கத்துக்கே இப்போது அவர் பெயர்தான். இன்னொருவர் அதேலார் கரோன். அவர் பெயரை எதற்கும் வைக்கவில்லை. ரொசேர் காத்த கோலுக்குப் பின்னால், கம்பி வலைக்கு அந்தப் பக்கம், பலகைக் கூண்டுக்குள் ஒரு முக்காலியில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தவர் அவர்.

அதேலாருக்கு இரண்டு வேலை, இரண்டிலும் ஒரு சிவப்பு விளக்கு. வாரம் ஆறு நாளும் காகித ஆலைக்குப் போகிற பாதையில் ரயில்வே கேட் கீப்பர். வளைவில் எஞ்சினின் புகை தெரிந்ததும் விசையை அழுத்துவார். தெருவில் சிவப்பு விளக்கு எரியும், கேட் இறங்கும். ஆட்டம் இருக்கிற நாளில் அரங்கத்தில் கோல் விளக்குக்காரர். வட்டு முழுசாகக் கோட்டைத் தாண்டினால் பொத்தானை அழுத்துவார். கூண்டுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். கேட்டில் ரயில் வருவதற்கு முன்னால் அழுத்த வேண்டும், வந்த பிறகு அழுத்தினால் கொலை. அரங்கத்தில் வட்டு போன பிறகுதான் அழுத்த வேண்டும், முன்னால் அழுத்தினால் பொய். இந்த இரண்டையும் அவர் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை.

குழப்பிக்கொள்ளாமல் இருந்ததற்கு ஒரே வழி, கோட்டை மட்டும் பார்ப்பது. இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஆறடி நீளம், இரண்டு அங்குல அகலம், பனிக்கு அடியில் சிவப்புச் சாயம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைப் பார்த்திருப்பார். யார் அடித்தார்கள், எங்கிருந்து அடித்தார்கள், ரொசேர் எப்படி நிறுத்தினார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ரொசேரின் சறுக்குக் காலணிகளின் பின்பக்கம் தெரியும். தோல் கால்காப்பில் வட்டு மோதுகிற "தொப்" தெரியும். இடது கையுறைக்குள் அது போய் விழுகிற "சட்" தெரியும். நாலாயிரம் பேர் இருக்கிற அரங்கத்தில் அந்த மகா மனிதனுக்கு அத்தனை பக்கத்தில் உட்கார்ந்தவர் அவர் ஒருவர்தான். ரொசேர் ஆடுவதைப் பார்க்காதவரும் அவர் ஒருவர்தான்.

ஆகவே ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போய்ப் பட்டாணி சூப்பு முன்னால் உட்கார்ந்ததும் மனைவி ப்லாந்தினிடம் கேட்பார். அவள் எப்போதும் பன்னிரண்டாம் வரிசை.

"ரொசேர் இன்னைக்கு எப்படி ஆடினான்?"

"நல்லா இருக்கு கிழவா கதை! அவன் முதுகுக்குப் பின்னால மூணு மணி நேரம் குந்தியிருந்துட்டு வந்து எங்கிட்ட கேக்குறியே!"

"சொல்லேன்டீ."

அவள் சொல்லுவாள். கரண்டியைக் கோல்கீப்பர் மட்டையாகவும் ரொட்டித் துண்டை வட்டாகவும் வைத்துக்கொண்டு மேஜைமேல் ஆடிக் காட்டுவாள். ஆனால் எவ்வளவு ஆடினாலும் கடைசியில் அவளுக்கு ஒரு குறை இருந்துகொண்டே இருக்கும். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அவன் ஒண்ணுமே செய்யலப்பா. சும்மா அங்க நின்னான். அந்த எடத்துக்கே வட்டு வந்துச்சு." ஊரில் எல்லாரும் ரொசேரைப் பற்றி இப்படித்தான் சொன்னார்கள். மற்ற கோல்கீப்பர்கள் பாய்வார்கள், புரளுவார்கள், கூட்டம் கைதட்டும். ரொசேர் அரை அடி நகர்ந்து நிற்பார். அந்த அரை அடியை அவர் எப்போது நகர்ந்தார் என்று யாரும் பார்த்தது கிடையாது.

ஆள் குள்ளம். கோடைகாலத்தில் ஆலையில் மரக்கட்டை இழுப்பார். அந்தக் காலத்தில் கோல்கீப்பருக்கு முகமூடி கிடையாது, அணிக்கு இரண்டாவது கோல்கீப்பரும் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் கன்ன எலும்பு உடைந்தபோது ஆட்டத்தை நிறுத்திவைத்து, உடைமாற்றும் அறையில் டாக்டர் இருபத்திரண்டு தையல் போட்டார். பதினாலு நிமிஷம் கழித்து ரொசேர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு திரும்பி வந்து முப்பத்தொரு வட்டை நிறுத்தினார். நாற்பத்தேழில் மொந்த்ரேயாலில் பெரிய லீக் கோல்கீப்பருக்குக் காய்ச்சல் என்று இவரை ரயிலேற்றிக் கூட்டிப்போனார்கள். மூன்று ஆட்டம் ஆடினார், இரண்டே கோல் விட்டார். அந்த ஆளுக்குக் காய்ச்சல் விட்டதும் இவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெரிய லீக்கில் அப்போது ஆறே ஆறு அணி. உலகத்தில் அந்த வேலை ஆறு பேருக்குத்தான். ஏழாவது ஆள் எங்கள் ஊரில் மரக்கட்டை இழுத்துக்கொண்டிருந்தார். கேட்டவர்களிடம், "அங்க சூப்பு நல்லால்ல," என்று மட்டும் சொன்னார். அவர் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை. நினைத்தால் எங்களுக்குத்தான் இன்னமும் வயிறு எரிகிறது.

ரொசேரும் அதேலாரும் பேசிக்கொண்டதே இல்லை. கோல்கீப்பரும் விளக்குக்காரரும் சேர்ந்து உட்கார்ந்து பீர் குடித்தால் வெளியூர் அணி சும்மா இருக்குமா? ஒரே ஒரு வழக்கம்தான். ஒவ்வொரு பகுதி ஆட்டம் தொடங்குமுன்னும் ரொசேர் திரும்பாமலே மட்டையைப் பின்னுக்கு நீட்டிக் கம்பி வலையை இரண்டு தட்டுத் தட்டுவார். அதேலார் உள்ளிருந்து விரல் முட்டியால் கூண்டுப் பலகையை இரண்டு தட்டுத் தட்டுவார். இருக்கியா, இருக்கேன். பத்தொன்பது வருஷப் பேச்சு மொத்தமும் அவ்வளவுதான்.

ஐம்பத்திரண்டை மட்டும் சொல்லியாக வேண்டும். பள்ளத்தாக்குக் கோப்பையின் இறுதி ஆட்டம், சகூனே அணியோடு, சமநிலை, கூடுதல் நேரம். வில்ப்ரோ கோத்தியே என்கிற சகூனேக்காரன் அடித்த வட்டு ரொசேரின் தோளுக்கு மேலாகப் போய், வலைக்குள் இருந்த இரும்பில் மோதி, அடித்த வேகத்திலேயே வெளியே வந்து விழுந்தது. நடுவர் பார்க்கவில்லை. சகூனேக்காரர்களே பார்க்கவில்லை, அவர்கள் தொடர்ந்து ஆடினார்கள். அரங்கத்தில் ஒரே ஒருவர் பார்த்தார். விளக்கு எரிந்தது. கோப்பை போனது.

அன்றைக்கு அதேலாரைத் திட்டுவதற்கு மாதா கோயில் சாமான் ஒன்று பாக்கியில்லை. பலிபீடம், திருக்கிண்ணம், அப்பம் வைக்கிற பெட்டி எல்லாம் நாலாயிரம் வாயில் உருண்டன. எங்கள் ஊர்க் கெட்ட வார்த்தையெல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. முடிவெட்டுகிற ஓமெர், அவர் உள்ளே நுழைந்ததும் கடையைச் சாத்தினான். ரொட்டிக்கடையில் ப்லாந்தினுக்கு நேற்றைய ரொட்டியைத்தான் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பத்திரிகைக்காரன் ஒருவன் ரொசேரை ஆலை வாசலில் மடக்கி, உள்ளே போனதா என்று கேட்டான்.

"விளக்கு எரிஞ்சதில்ல?" என்றார் ரொசேர். "அப்ப உள்ளதான் போயிருக்கும்."

அடுத்த நாளிலிருந்து ப்லாந்தினுக்குச் சூடான ரொட்டி கிடைத்தது.

ஏழு வருஷம் கழித்து, ஐம்பத்தொன்பது ஏப்ரலில், அதே கோப்பை, அதே சகூனே அணி, கோப்பை யாருக்கு என்று முடிவாகிற ஏழாவது ஆட்டம். ரொசேருக்கு நாற்பத்தொரு வயது. இதோடு சரி என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, அதேலாரும் ப்லாந்தினும் பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார்கள். மதியம் இரண்டு மணிக்கு ஆட்டம். ப்லாந்தின் இறைச்சி அப்பத்தை வெட்டிப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"இன்னைக்காவது ஒரு தரம் நிமிந்து அவனைப் பாரு கிழவா."

"கோயிலுக்குப் போயிட்டு வந்த வாயால பேசுற பேச்சா இது?"

"ஒரே ஒரு தரம். வட்டு அந்தப் பக்கம் இருக்கறப்ப பாரேன், யாரு கேக்கப் போறா. இன்னைக்கு விட்டா அப்புறம் யாரைப் பாப்பே?"

"வட்டு அந்தப் பக்கம் இருக்கறப்ப அவன் சும்மா நிக்கறதைப் பாத்து என்ன செய்ய?" என்றார் அதேலார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் அப்பத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டார். அவருக்கும் ஆசைதான். பத்தொன்பது வருஷமாக இருந்த ஆசை.

அரங்கத்தில் ஏப்ரல் வெக்கைக்குப் பனி இளகிப் புகைமூட்டமாக இருந்தது. ரொசேர் வந்து கம்பி வலையைத் தட்டினார். இரண்டு அல்ல, மூன்று தட்டு. மூன்றாவது எதற்கென்று அதேலாருக்குப் புரிந்தது. பதிலுக்கு மூன்று தட்டிவிட்டுக் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

கடைசிப் பகுதியான மூன்றாம் பகுதியில் சேன் ஃபிர்மின் 2, சகூனே 1. சகூனேக்காரர்கள் இருபது நிமிஷமும் ரொசேர் முன்னாலேயே கூடாரம் போட்டுவிட்டார்கள். தொப், சட், தொப். அதேலார் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தை வைத்தே எண்ணினார், பதினேழு, பதினெட்டு. கூட்டம் கத்துவதை நிறுத்திவிட்டிருந்தது. அத்தனை பேரும் ஒரே மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது செகண்டு பாக்கி.

அப்போதுதான் ரொசேரின் மட்டை கோட்டைத் தாண்டிப் பறந்துவந்து வலைக்குள் விழுந்தது. யாரோ இடித்திருக்க வேண்டும். அடுத்து ரொசேரின் இரண்டு காலணிகளும் இடது கம்பத்தின் பக்கமாகச் சரிந்தன. கோல்கீப்பர் தரையில், கையில் மட்டை இல்லை, கோட்டின் வலது பாதி முழுசும் வெறுமையாகக் கிடந்தது. இதோடு முடிந்தது, இனி ஒருநாளும் பார்க்க முடியாது என்று அதேலாரின் நெஞ்சுக்குள் ஏதோ சொன்னது. அவர் நிமிர்ந்தார்.

வலது பக்கம் ஒரு சகூனேக்காரன் தனியாக நின்றிருந்தான். வட்டு அவனிடம் வந்துவிட்டிருந்தது. எதிரே நாலடி வெற்று வலை. அவன் மட்டை பின்னுக்குப் போய் முன்னுக்கு வந்தது. வளைவில் புகையைக் கண்டால் கேட் கீப்பரின் கை யாரையும் கேட்காது. அதேலாரின் கட்டைவிரல் பொத்தானை அழுத்திவிட்டது.

விளக்கு எரிந்தது. பனி முழுவதும் சிவப்பானது. வட்டு அப்போது பாதி வழியில்தான் இருந்தது.

அழுத்தியாகிவிட்டது, வேலை முடிந்தது, கண்ணுக்கு வேறு வேலையில்லை. ஆகவே பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அதேலார் ரொசேர் த்ரெபானியேவைப் பார்த்தார். கண்ணால், முழுசாகப் பார்த்தார்.

ரொசேரின் இடது கை கீழே வரும்போது அதேலாரின் கண் பழக்கத்தால் கோட்டுக்குத் திரும்பியிருந்தது. கையுறை பனியில் விழுந்தது, அதன்மேல் ரொசேரின் உடம்பு விழுந்தது, அதற்குமேல் நாலு பேர் விழுந்தார்கள். ஊதல் ஒலித்தது. சகூனே அணி மொத்தமும் மட்டையை உயர்த்திக் குதித்தது. சேன் ஃபிர்மின்காரர்கள் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார்கள்.

நடுவர் மக்கெல்வி சறுக்கிவந்து குவியலை ஒவ்வொருவராக விலக்கினார். கடைசியில் ரொசேர் மண்டியிட்டு எழுந்தார். கையுறையைத் திறந்தார், வட்டு உள்ளே இருந்தது. தலையைத் திருப்பி விளக்கைப் பார்த்தார். எரிந்துகொண்டிருந்தது. அவர் வட்டை எடுத்து நடுவரின் கையில் வைத்தார்.

"யோவ், என்ன பண்றே!" அணித்தலைவன் ஜெர்வே பாய்ந்து வந்தான். "புடிச்சிட்டியேய்யா! கையிலதானே இருந்துச்சு!"

"கை உள்ள போயிருக்கும்," என்றார் ரொசேர்.

"போகல! எனக்குத் தெரியும், போகல!"

"விளக்கு எரியுதுல்ல. அது பொய் சொல்லாது."

அதேலாருக்கு இது காதில் விழுந்தது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம், ஐந்தடி தூரம். நடுவர் மையக்கோட்டைப் பார்க்கத் திரும்பிவிட்டார். இன்னும் ஒரு நொடியில் கையைக் காட்டி கோல் என்று சொல்லிவிடுவார். பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். யாருக்கும் தெரியாது. பொய் சொல்லாத விளக்கு, பொய் சொல்லாத விளக்காகவே இருக்கும். அவர் பார்த்த அந்தக் கை மட்டும் உலகத்தில் நடக்காததாகிவிடும்.

அவர் முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மூலையிலிருந்த சின்னக் கதவைத் திறந்துகொண்டு பனியில் இறங்கினார். ரப்பர் பூட்ஸ், இரண்டாவது அடியிலேயே வழுக்கி உட்கார்ந்துவிட்டார். யாரோ சிரித்தார்கள். எழுந்து, கையை ஊன்றி, மறுபடி விழுந்து, ஒருவழியாக நடுவரிடம் போய்ச் சேர்ந்தார்.

"கோல் இல்ல," என்றார். "நான்தான் தப்பா அழுத்திட்டேன்."

சகூனே பெஞ்சு வெடித்தது. "திருட்டுப் பயலே!" "வித்துட்டியாடா விளக்கை!" ஒருவன் மட்டையால் தடுப்புப் பலகையை அடித்து உடைத்தான். மக்கெல்வி கையை உயர்த்தி அடக்கினார்.

"எப்ப அழுத்தினே?"

"வட்டு வந்து சேர்றதுக்கு முன்னாடி."

"முன்னாடியா? ஏன்?"

"நிறுத்தவே முடியாதுன்னு நெனச்சேன். ஒரு மனுஷனால முடியாதுன்னு நெனச்சேன்."

சகூனே அணியின் பயிற்சியாளர் தடுப்பைத் தாண்டி மெதுவாகப் பனியில் நடந்து வந்தார். வாயில் அணைந்த சுருட்டு. ஐம்பத்திரண்டில் அந்த கோலை அடித்த வில்ப்ரோ கோத்தியேதான் அவர். இப்போது தலை நரைத்திருந்தது. அதேலாருக்கு முன்னால் வந்து நின்றார்.

"கரோன், எனக்கு ஒண்ணு சொல்லு. வட்டு அடிச்சப்ப நீ கோட்டைப் பாத்துக்கிட்டிருந்தியா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்துவிடும். அதேலார் பன்னிரண்டாம் வரிசைப் பக்கம் பார்த்தார். ப்லாந்தின் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நான்தானே பார்க்கச் சொன்னேன் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

"இல்ல," என்றார். "அப்ப கோட்டைப் பாக்கல. இவனைப் பாத்தேன். கடைசி ஆட்டமாச்சேன்னு... ஒரு தரம் பாத்துட்டேன்."

இரண்டு பக்கமும் கூச்சல் எழும்பியது. இப்போது சேன் ஃபிர்மின்காரர்களும் சேர்ந்து திட்டினார்கள். திருக்கிண்ணம் மறுபடி உருண்டது.

"அப்புறம் எப்படிடா தெரியும், உள்ள போகலன்னு?" என்றார் வில்ப்ரோ.

"கை கீழ விழுறப்ப கோட்டுக்குத் திரும்பிட்டேன். கையுறை கோட்டுக்கு முன்னால விழுந்துச்சு. கோட்டைத் தொடக்கூட இல்ல, ஒரு விரக்கடை பனி வெள்ளையாத் தெரிஞ்சுது. அப்புறம்தான் எல்லாரும் மேல விழுந்தாங்க."

வில்ப்ரோ சுருட்டை வாயில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளினார். அவருடைய ஆட்டக்காரன் ஒருவன் தோளைப் பிடித்து, "நம்பாதீங்க முதலாளி, பச்சைப் பொய்," என்றான்.

"பொய் சொல்றவனா இருந்தா கோட்டைத்தான் பாத்தேன்னு சொல்லியிருப்பான்," என்றார் வில்ப்ரோ. "உனக்குத் தெரியாதுடா. அம்பத்திரண்டுல நான் அடிச்ச கோலை நானே பாக்கல. இந்த ஆளு பாத்தான். அதுக்கு இந்த ஊரு இவனுக்குப் பழைய ரொட்டி போட்டுச்சு." கீழே துப்பினார். நடுவரைப் பார்த்து, "விளக்கை அணைக்கச் சொல்லு. ஆட்டத்தை நடத்து," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

மக்கெல்வி இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார். கோல் இல்லை. ஆனால் யாரும் கைதட்டவில்லை. என்ன நடந்தது என்பது அப்போதுதான் ஒவ்வொருவருக்காக உறைத்தது. விளக்கு எரிந்த பிறகு அந்த வட்டு நிறுத்தப்பட்டிருக்கிறது. நாலாயிரம் பேரும் மெதுவாக எழுந்து நின்றார்கள். சகூனேக்காரர்களும் எழுந்தார்கள். பெரிய பூசையில்கூட எங்கள் ஊர் அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை.

அதேலார் மட்டும் தலை குனிந்து நின்றிருந்தார். ரொசேர் தன் மட்டையைப் பொறுக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தார். பத்தொன்பது வருஷத்தில் அவர் அதேலாரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்:

"போய் உக்காருப்பா. இன்னும் முப்பத்தெட்டு செகண்டு இருக்கு."

"வேற யாரையாவது..."

"வேற யாரு இருக்கா? போ."

அதேலார் போய் உட்கார்ந்தார். மட்டை கம்பி வலையைத் தட்டியது, இரண்டு தட்டு. அவரும் தட்டினார். அந்த முப்பத்தெட்டு செகண்டும் கண்ணீர் வழிய வழியக் கோட்டை மட்டுமே பார்த்தார். தொப். சட். தொப். சங்கு ஊதி, கூட்டம் இடித்துக்கொண்டு பனியில் இறங்கியபோதுதான் ஊருக்கு முதல்முறையாகக் கோப்பை கிடைத்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது.

கூட்டம் கரைந்த பிறகு அவர் உடைமாற்றும் அறை வாசலுக்குப் போய் நின்றார். உள்ளே பீரும் பாட்டும். ஜெர்வே அவரைக் கண்டதும் கட்டிப்பிடித்தான், அடுத்த நொடியே முதுகில் ஒரு குத்தும் விட்டான், "எங்க உசுரை எடுத்துட்டியே பாவி!" என்றான். ரொசேர் மூலையில் நனைந்த கம்பளிச் சட்டையோடு, கால்காப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். மற்றவர்களைக் கோப்பையோடு வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

"நான் முக்காலியை விட்டுடறேன்," என்றார் அதேலார். "தப்பா அழுத்தின கை அங்க இருக்கக் கூடாது."

"சரி, விட்டுடு. அடுத்த வருஷம் டிக்கெட் வாங்கி ப்லாந்தின் பக்கத்துல உக்காந்து நிம்மதியா பாரு."

"நீ ஆட மாட்டியே. யாரைப் பாக்க?"

ரொசேர் தையல் தழும்புகள் ஓடுகிற முகத்தை ஈரத் துணியால் துடைத்தார். பிறகு இடது கையுறையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்.

"அதேலார், ஒண்ணு கேக்கணும். நீ அழுத்தினதை நான் பாத்தேன். விளக்கைப் பாக்கல, ஆனா பனி சிவப்பாச்சு. என் முகத்துக்குக் கீழ பனி சிவப்பாச்சு. அப்ப என் கை இன்னும் தரையிலதான் இருந்துச்சு."

அதேலார் ஓரடி கிட்டே வந்தார்.

"விளக்கு எரிஞ்சா கோல்தான். நான் எப்பவும் அதை நம்பினவன். அப்பவும் நம்பினேன். சரி, போச்சு, அப்படின்னு நெனச்சேன். நெனச்சப்புறம்தான் கை போச்சு." கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் நம்பிட்டேன். கை நம்பல."

"அப்ப நீ பாத்துப் புடிக்கலயா?" என்றார் அதேலார்.

"என்ன செஞ்சேன்னு எனக்குத் தெரியாது. என் தலை மறுபக்கம் திரும்பியிருந்துச்சு. வட்டை நான் பாக்கவே இல்ல. ஊரெல்லாம் வெளிய என்னென்னவோ சொல்லிக்கிட்டிருக்கு, அவங்கெல்லாம் தூரத்துல இருந்தவங்க. நீ பக்கத்துல இருந்தே." அந்த மகா மனிதன் ஒரு பிள்ளையைப் போல முகத்தைத் தூக்கிப் பார்த்தார். "நான் எப்படி ஆடினேன்? சொல்லேன்."

அதேலார் பெஞ்சில் உட்கார்ந்தார். மேஜைமேல் இருந்த பீர் பாட்டிலின் மூடியை வட்டாக வைத்தார். காலணியின் நாடாவைக் கோடாகப் போட்டார். பத்தொன்பது வருஷம் ப்லாந்தினிடம் கேட்டுக் கேட்டு வாழ்ந்தவர், முதல்முறையாகத் தன் கண்ணால் கண்டதைச் சொன்னார். "உன் காலு ரெண்டும் இடது கம்பத்துல. வயிறு பனியில. வட்டு கிளம்பிடுச்சு. உன் கை திரும்பவே இல்லப்பா. புறங்கையோட, பின்பக்கமா, தோள்பட்டையே கழண்டு வர்ற மாதிரி அது பாட்டுக்கு எழும்பிச்சு. வேகமாக்கூட போகல. அதான் அதிசயம். நேரம் நிறைய இருக்கற மாதிரி போச்சு. வட்டுக்கு முன்னாடியே அங்க போயி, விரலை விரிச்சு, காத்துக்கிட்டு இருந்துச்சு." மூடியை நகர்த்தி ரொசேரின் உள்ளங்கையில் வைத்தார். "வட்டு வந்து உக்காந்துச்சு. அவ்வளவுதான்."

ரொசேர் உள்ளங்கையிலிருந்த மூடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. பிறகு அதை எடுத்து, மேஜைமேல் முதலில் இருந்த இடத்திலேயே வைத்தார்.

"மறுபடி சொல்லு," என்றார்.

அதேலார் முதலிலிருந்து ஆரம்பித்தார்.